இருபதாயிரத்துக்குள் ஒரு யூபிஎஸ்: கொழும்பில் எதை எடுக்கலாம்?

கேள்வி: 2025.02.11, இரவு 8.40

அக்கா, ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலையில் முழு நாட்டுக்கும் கரண்ட் போனதால் என்ர கணக்கு பைல் ஒன்று திறக்குதில்லை. நேற்றும் இன்றைக்கும் வேற ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. நான் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டு மேல்மாடி. ஐ5 கொம்பியூட்டர், 24 அங்குல மொனிட்டர், பைபர் ரவுட்டர். கிராபிக்ஸ் கார்ட் இல்லை. யூபிஎஸ் (கரண்ட் போனதும் பற்றரியில் ஓட்டுற பெட்டி) ஒன்று எடுக்கப்போனால், யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் 650 விஏ (பெட்டி தாங்குற பாரத்தின் அளவு) காணும் என்றாங்கள். பக்கத்துக் கடையில் 1200க்குக் குறைஞ்சு எடுத்தால் காசு தண்ணியில் போட்ட மாதிரி என்றாங்கள். இருபதாயிரம் ரூபாவுக்கு மேல் என்னால் ஏலாது. வெட்டு நேரம் முழுக்க வேலை செய்யவேணும். எதை எடுக்க?

2025.02.11, இரவு 9.20

ஒன்றரை மணித்தியாலம் ஓட்டுற ஆசையை முதலில் விடுங்கோ தம்பி. நீங்கள் சொல்ற காசுக்குள் வாற எந்தப் பெட்டியும் அதைச் செய்யாது.

650 விஏ பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்கிறது 12 வொல்ட், 7 அம்பியர் அவர் (Ah, பற்றரியின் கொள்ளளவு) பற்றரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் அவர் (Wh). உங்கட மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து 100 வாட்ஸ் என்று வைச்சால் கடதாசிக் கணக்கில் ஐம்பது நிமிடம் வரும். உண்மையில் வராது. அந்த 7 என்ற இலக்கம் இருபது மணித்தியாலத்துக்கு மெல்ல மெல்ல, 0.35 அம்பியராக எடுத்தால் கிடைக்கிறது. நீங்கள் இழுக்கப்போறது 10 அம்பியர் அளவில். ஈயப் பற்றரியை வேகமாக இழுத்தால் அது தாற மொத்தமே சுருங்கிப்போகும். புதுப் பற்றரியில் பதினைந்து, இருபது நிமிடம் வந்தால் சந்தோஷப்படுங்கோ. பற்றரி பழசானால் அதிலும் பாதி.

பைலைச் சேமிச்சு ஒழுங்காக மூட ஐந்து நிமிடம் காணும். இந்த விலையில் நீங்கள் வாங்குறது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். மிச்சம் கிடைச்சால் இலாபம்.

2025.02.12, காலை

இன்றைக்கு நவம் போயா, வெட்டு இல்லை. கொஞ்சம் ஆறுதலாக எழுதுறன்.

ஞாயிறு நடந்ததையும் நேற்று நடந்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதேங்கோ. ஞாயிறு பகல் பதினொன்றரை மட்டில் சொல்லாமல் கொள்ளாமல் முழு நாடும் இருண்டது. அதில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரமும் நின்றுபோச்சு. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். அனல்மின் நிலையத்தைத் திரும்ப எழுப்ப நாள்க்கணக்கு எடுக்கும், அதால்தான் திங்கள், செவ்வாய் வெட்டு. அந்த வெட்டுக்கு நேரம் குடுத்தவை. நேரம் தெரிஞ்ச வெட்டுக்கு யூபிஎஸ் தேவையே இல்லை: ஐந்து நிமிடம் முன்னம் மூடிப்போட்டுப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம்.

யூபிஎஸ் வேணும் என்றது ஞாயிறு மாதிரி, முன்னறிவிப்பு இல்லாத போக்குக்கு. அதைவிட முக்கியம், கண் சிமிட்டுற மாதிரி ஒரு செக்கன் போய் வாறதுக்கு. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் மழைக்கு அது நடக்கிறது உங்களுக்கே தெரியும். பேன் வேகம் குறைஞ்சு திரும்பக் கூடும், வீட்டில் ஒருத்தரும் கவனிக்கமாட்டினம், ஆனால் கொம்பியூட்டர் விழுந்துவிடும். கணக்கு பைல்களைத் தின்றது பெரும்பாலும் இந்தச் சின்னச் சிமிட்டல்தான். 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணித்தியால வெட்டு அறிவிச்சபோது எங்கட ஒபிஸில் ஒரு பைலும் போகவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் மெஷினைப் போடவே இல்லையே.

நான் பார்க்கிறது புறக்கோட்டையில் ஒரு சின்னக் கணக்காளர் ஒபிஸ். கொம்பியூட்டரும் நான்தான், யூபிஎஸ்ஸும் நான்தான், கரண்ட் போனால் ஏச்சு வாங்கிறதும் நான்தான்.

2025.02.12, பின்னேரம்

650ஆ 1200ஆ என்ற சண்டைக்கு வாறன்.

விஏ என்ற பெரிய இலக்கத்தைப் பார்க்காதேங்கோ. பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கோ. மலிவுப் பெட்டிகளில் வாட்ஸ் என்றது விஏயின் 0.6 பங்கு, அதாவது 650க்கு 390. எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது: 650 என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டு, பின்னால் 360 என்றும் 325 என்றும் எழுதின பெட்டிகளும் இருக்கு. அதே விலை, அதே அளவு. வாட்ஸ் எங்கேயுமே எழுதாத பெட்டி என்றால் வைச்சுப்போட்டு வாங்கோ.

உங்கட பக்கம் எவ்வளவு இழுக்குது? பவர் சப்ளையில் 450, 550 என்று எழுதியிருக்கிறது அதால் தரக்கூடிய உச்சம், நீங்கள் இழுக்கிற அளவு இல்லை. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத ஐ5, எக்செல்லும் பிரவுசரும் திறந்து வைச்சால் 50, 60 வாட்ஸில் நிற்கும். பாரமான வேலைக்கு நூறைத் தாண்டும். மொனிட்டர் 20, 30. ஆகவே 650 உங்களுக்குத் தாராளம்.

1200 எடுத்தால் நேரம் கூடுமா? சிலவேளை. அதில் பற்றரி இரண்டு இருந்தால் நேரம் இரட்டிப்புக்கு மேல் வரும். ஒன்றே ஒன்று இருந்தால் 650க்கும் அதுக்கும் உங்கட பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, தாங்குற வாட்ஸ் மட்டும் கூட. கடைக்காரரிட்ட "உள்ளுக்கு எத்தனை பற்றரி, எத்தனை அம்பியர் அவர்" என்று கேளுங்கோ. பதில் வராட்டில் கையில் தூக்கிப் பாருங்கோ. 7 அம்பியர் அவர் பற்றரி ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல், ஏமாத்த ஏலாது.

2025.02.13

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் குத்தாதேங்கோ. சூடாக்கிற உருளை ஒரேயடியாக இழுக்கும், பெட்டி கத்திப்போட்டுப் படுத்துவிடும். தண்ணி கொதிக்க வைக்கிற கெட்டில், ரைஸ் குக்கர் பற்றி ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஐயா, உங்களுக்கு வேற ஒரு இழை வேணும்.

2025.02.16

மலிவு யூபிஎஸ் தன்ர மெஷினுக்கும் காணுமோ என்று கேட்ட, கேம் விளையாடுற தம்பிக்கு. உங்கட கணக்கு வேற, சைன் அலைப் பிரச்சினை உங்களுக்குத்தான் வரும்.

மலிவு யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது தாறது சுவர்க் கரண்டில் வாற மாதிரி வழுவழுப்பான சுத்த சைன் அலை இல்லை, படிக்கட்டு மாதிரி வெட்டின அலை. சாதாரண பவர் சப்ளைக்கு அது ஒரு பொருட்டில்லை. எக்டிவ் பிஎஃப்சி (உள்ளே இழுக்கிற கரண்டை ஒழுங்காக்குற சுற்று) உள்ள பவர் சப்ளைகளில் சிலது அதை விரும்பாது. என்ர மச்சான் தெஹிவளையில் நல்ல கோல்ட் தர பவர் சப்ளை வாங்கி மலிவு யூபிஎஸ்ஸில் போட்டார். சும்மா நிற்கிறபோது கரண்டை நிப்பாட்டினால் ஒன்றும் நடக்காது, கேம் ஓடும்போது நிப்பாட்டினால் பட்டென்று விழும். ஒரு மாதம் யூபிஎஸ் கடைக்காரரோட சண்டை. கடைக்காரர் பவர் சப்ளைக் கடையைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இரண்டு பேர் சொல்றதும் ஒரு வகையில் சரிதான்.

உள்ளுக்கு நடக்கிறது இதுதான். கரண்ட் போனதும் யூபிஎஸ்ஸுக்குள் ரிலே (தானாக மாறுற சுவிட்ச்) ஒன்று மாறவேணும். அதுக்கு நாலு தொடக்கம் பத்து மில்லி செக்கன் எடுக்கும். பவர் சப்ளைக்குள் கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைச்சிருக்கிற பெரிய கப்பாசிட்டர் அந்த இடைவெளியைத் தாக்குப்பிடிக்கவேணும். முழுப் பாரத்தில் பதினாறு, பதினேழு மில்லி செக்கன் நிற்கவேணும் என்றது வழமையான அளவு. எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றே 20 மில்லி செக்கன், இடம் எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கோ. மலிவு பவர் சப்ளை, பழைய கப்பாசிட்டர், கிராபிக்ஸ் கார்ட் முழுவேகம், மெதுவான ரிலே: நாலும் ஒன்றாய் வந்தால் விழும்.

சுத்த சைன் பெட்டி வாங்க இருபதாயிரம் காணாது. அதால் கடையிலேயே சோதிக்கவேணும், அல்லது மாத்தித் தருவியளா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கவேணும். வாயால் சொன்ன வாக்கு யூனிட்டி பிளாசா லிப்டில் இறங்கும்போதே ஆவியாகிவிடும்.

கேள்வி கேட்ட கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு இது எதுவும் தேவையில்லை. உங்கட மெஷின் 100 வாட்ஸுக்கு மேல் அபூர்வமாகத்தான் போகும், அந்தப் பாரத்தில் கப்பாசிட்டர் நிறைய நேரம் தாங்கும்.

2025.02.22

வெள்ளவத்தை தொடர்மாடிக்காரர் மூன்று பேர் ஒரே விசயத்தைக் கேட்டிருக்கினம். எங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கே, யூபிஎஸ் எதுக்கு?

இருபது செக்கனுக்கு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும்பி மாறுற அந்த இடைவெளிக்குத்தான். அதுக்கு ஆகச் சின்னப் பெட்டி காணும், பற்றரி பாதி செத்திருந்தாலும் காணும். இன்னொரு பிரச்சினை இருக்கு. ஜெனரேட்டர் கரண்டின் வொல்ட்டேஜும் அதிர்வெண்ணும் லிப்ட் ஓடும்போது ஆடும். கொஞ்சம் உணர்ச்சி கூடின யூபிஎஸ் என்றால் அதை நல்ல கரண்ட் என்று ஏற்காது. பற்றரிக்குப் போகும், திரும்ப வரும், திரும்பப் போகும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க உங்கட பற்றரி முடிஞ்சு மெஷின் விழும். மேல்மாடி, கீழ்மாடி எல்லாருக்கும் வெளிச்சம், உங்களுக்கு மட்டும் இருட்டு. சில மொடல்களில் இந்த உணர்ச்சியைக் குறைக்க வழி இருக்கு. வாங்கமுன்னம் கையேட்டைத் தேடி வாசியுங்கோ.

எங்கட ஒபிஸ் கட்டடத்து ஜெனரேட்டரில் நான் கண்டது: பீப், டக், பீப், டக். மத்தியானம் முழுக்க. மூன்றாம் மாடித் தையல்கடை அக்கா வந்து காஸ் ஏதும் லீக் ஆகுதோ என்று கேட்டுவிட்டுப் போனவ.

2025.03.09

பற்றரி. இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேணும், யூபிஎஸ் என்றாலே பற்றரிதான்.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டமாட்டாங்கள், சீல் போகும். ஆனால் பெட்டிக்கு வெளியில் தயாரிச்ச மாதம் இருக்கும், அதைப் பாருங்கோ. ஈயப் பற்றரி அலுமாரியில் சும்மா இருந்தாலே மெல்ல இறங்கும். ஒரு வருசத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் கிடந்த பெட்டி, நீங்கள் வாங்கும்போதே பாதி கிழவன். "பழைய ஸ்டொக், விலை குறைச்சுத் தாறம்" என்றால் அந்தக் குறைப்புக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது சூடு. மூடின ஈயப் பற்றரிக்கு 25 பாகை செல்சியஸ் நல்லது. அதுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்றது பொதுவான கணக்கு. கொழும்பில் ஏசி இல்லாத அறை எத்தனை பாகை? மேசைக்குக் கீழே, கொம்பியூட்டர் காற்று ஊதுற பக்கம், சுவரோட ஒட்டி வைச்சால் இன்னும் கூட. ஐந்து வருசம் என்று எழுதியிருக்கிற பற்றரி எங்கட ஊரில் இரண்டு, மூன்று வருசம் போனால் பெரிய விசயம். யூபிஎஸ்ஸை மேசைக்கு வெளியே இழுத்து, நாலு விரல் இடம் விட்டு வையுங்கோ. செலவில்லாத வைத்தியம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை உப்புக் காத்து. போன கிழமை மரைன் டிரைவ் பக்கத்து வீடொன்றில் ஒரு பெட்டியைக் கழற்றினன். பற்றரி வாலில் (வயர் குத்துற தகட்டில்) பச்சைப் பொடி கட்டி, ஸ்பேட் கனெக்டர் கையோட உதிர்ந்து வந்தது. பற்றரியைத் தனியாக அளந்தால் 12.7 வொல்ட், நல்ல உயிரோட இருக்கு. ஆனால் அந்த ஊத்தை இணைப்புக்குள்ளால் 10 அம்பியர் போக வழியில்லை. புதுக் கனெக்டர் இரண்டு போட்டதும் சரி. அந்த வீட்டுக்காரர் புது யூபிஎஸ்ஸுக்கு முற்பணம் குடுத்திருந்தவர்.

ஊதிப்போன பற்றரி வேற கதை. அதின் நடு வயிறு புடைச்சிருக்கும், பெட்டிக்குள்ளால் வெளியே வராது. ஸ்குரூ டிரைவர் விட்டுக் கிண்டாதேங்கோ. தகட்டை வளைச்சு, இடம் பண்ணி, மெல்ல எடுக்கவேணும். அது ஏலாது என்றால் பெட்டியோட பற்றரிக் கடைக்குக் கொண்டு போங்கோ.

வாரண்டி கேட்கும்போது இரண்டு கேள்வி: பெட்டிக்கு எவ்வளவு, பற்றரிக்கு எவ்வளவு? "இரண்டு வருசம்" என்று பெரிசாய்ச் சொல்லுவாங்கள், பற்றரிக்கு ஒரு வருசம் அல்லது ஆறு மாதம்தான் இருக்கும்.

2025.03.10

கார் பற்றரியை வெளியால் இணைக்கலாமா என்று கேட்டவருக்கு. 2022இல் கொழும்பு முழுக்க இது நடந்தது, நானும் கண்டிருக்கிறன். ஓடும். அதுதான் ஆபத்து, ஓடுறதால்.

மலிவு யூபிஎஸ்ஸின் ட்ரான்ஸ்போமர் பத்து, பதினைந்து நிமிடம் ஓடி ஆற வேணும் என்று நினைச்சுச் செய்தது. அனேகமானதில் காற்றாடிகூட இல்லை. மணிக்கணக்காக ஓட விட்டால் ட்ரான்ஸ்போமர் கொதிக்கும், வெளிப் பெட்டி பிளாஸ்டிக். உள்ளிருக்கிற சார்ஜர் ஒரு அம்பியர் தந்தால் பெரிய விசயம். 60 அம்பியர் அவர் பற்றரியை நிரப்ப இரண்டு, மூன்று நாள் எடுக்கும், அதுக்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். கடைசியில் பற்றரி எப்பவும் அரைவயிறு, அது பற்றரியைக் கொல்லும். அமிலம் ஊத்துற பற்றரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். படுக்கை அறையில் வேண்டாம்.

நீண்ட நேரம் வேணும் என்றால் அதுக்கென்று செய்த இன்வேர்ட்டரும் பெரிய பற்றரியும் எடுக்கவேணும். அது வேற பட்ஜெட்.

2025.03.23

தம்பி, உங்கட ரவுட்டரை மறந்துபோனன். முதல் குறிப்பில் எழுதின பதினைந்து, இருபது நிமிடத்தை நீட்ட வழி கேட்டீங்கள்தானே. வழி இதுதான்: ரவுட்டரை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றுங்கோ.

ரவுட்டருக்கென்று மினி யூபிஎஸ் இருக்கு, உள்ளங்கை அளவு, உள்ளுக்கு லித்தியம் செல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கிடைக்கும், ஒன்லைனிலும் கிடைக்கும். நேரடியாக 12 வொல்ட் குடுக்கும். அதால் 12 வொல்ட்டை 230 ஆக்கி, திரும்ப அடாப்டரில் 12 ஆக்குற வீண் வேலை இல்லை. 10,000 மில்லி அம்பியர் என்று போட்டிருந்தால் அது செல்லின் 3.7 வொல்ட்டில் கணக்கிட்டது, ஆகவே 37 வாட் அவர். ரவுட்டர் 10 வாட்ஸ் இழுத்தால் இழப்புப் போக மூன்று மணித்தியாலம் வரும். அட்டையில் எட்டு மணித்தியாலம் என்று எழுதியிருப்பாங்கள். சிரிச்சுப்போட்டு வாங்குங்கோ.

பைபர் இணைப்பு கரண்ட் வெட்டிலும் வேலை செய்யும். எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கட வீட்டுக்கும் இடையில் ஒளியைப் பிரிக்கிற கண்ணாடிதான் இருக்கு, கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடும். மொபைல் டவர் அப்படி இல்லை, அதின் பற்றரி நீண்ட வெட்டில் முடிஞ்சால் சிக்னலும் முடிஞ்சுது.

பழைய லப்டொப் ஒன்று வீட்டில் கிடந்தால், அதுக்கு உயிருள்ள பற்றரி இருந்தால், மினி யூபிஎஸ்ஸோட சேர்த்து உங்கட ஒன்றரை மணித்தியாலம் வந்துவிடும். அந்த வழியில் டெஸ்க்டொப் யூபிஎஸ் சும்மா ஐந்து நிமிடக் காவல் மட்டும்தான். இதை யோசிக்க யோசிக்க, வேலைக்கு என்று புதுசாக வாங்குறவை டெஸ்க்டொப் + யூபிஎஸ் என்று போறதே சரியோ என்று எனக்கு இப்ப சந்தேகம்.

2025.04.17

புது வருசம் முடிஞ்சு வீட்டில் இருக்கிறன். மத்தியானம் ஆனால் யூபிஎஸ் டக், டக் என்று அடிக்குது. பற்றரிக்குப் போகவில்லை, விளக்கு பச்சைதான். உள்ளே இருக்கிற வொல்ட்டேஜ் திருத்தி ஒரு படி குறைக்குது, திரும்ப விடுது. மீட்டரில் அளந்தால் 250ஐத் தொட்டுக்கொண்டு நிற்குது. எங்கட நாட்டில் 230இலிருந்து ஆறு சதவீதம் மேலே கீழே போகலாம், அதாவது 244 வரைக்கும்.

கடை, பக்டரி எல்லாம் பூட்டு, வெயில் கொளுத்துது, கூரைச் சோலார் எல்லாம் கரண்டைத் தள்ளுது. மின்சார சபை 13 தொடக்கம் 21 வரை பிற்பகல் மூன்று மணி மட்டும் கூரைச் சோலாரை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டதும் இதே கதைதான்.

யூபிஎஸ் வாங்குறவைக்கு இதில் ஒரு விசயம் இருக்கு. ஏவிஆர் (அந்த வொல்ட்டேஜ் திருத்தி) உள்ள, லைன் இன்டரக்டிவ் என்று எழுதின பெட்டி எடுங்கோ. அது வொல்ட்டேஜ் கூடினாலும் குறைஞ்சாலும் பற்றரியைத் தொடாமல் சரிப்படுத்தும். ஏவிஆர் இல்லாத ஒப்லைன் பெட்டி, இப்படியான மத்தியானத்தில் ஒவ்வொரு முறையும் பற்றரிக்குப் போய் அதைத் தேய்ச்சுவிடும். விலை வித்தியாசம் பெரிசில்லை.

2025.04.26

இடி மழை தொடங்கிட்டுது. எர்த் பற்றி ஒரு வார்த்தை.

பழைய கொழும்பு வீடுகளில் உருண்டைப் பின் பிளக் பேஸில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதுக்குப் பின்னால் வயர் இருக்காது. யூபிஎஸ்ஸின் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று பாயுற கூடின வொல்ட்டேஜைத் தடுக்கிறது) மிச்சத்தைத் தள்ளிவிடுறது அந்த எர்த்துக்குத்தான். எர்த் இல்லாட்டில் பாதிப் பாதுகாப்பு அட்டையில் மட்டும்தான் இருக்கு. மெஷின் பெட்டியைத் தொட்டால் கை சுர் என்றுதா? எர்த் இல்லை. வயரிங் பாஸைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா என்றும் பார்க்கச் சொல்லுங்கோ. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரோட கதைக்கவேணும். அது யூபிஎஸ்ஸைவிடச் சிக்கலான விசயம்.

மூன்று பின்னை இரண்டு பின்னாக்கிற அடாப்டரில் யூபிஎஸ்ஸைக் குத்தாதேங்கோ. கிட்ட இடி இடிச்சால் யூபிஎஸ்ஸையே கழற்றுங்கோ, எந்தப் பெட்டியும் அதுக்கு ஈடில்லை.

2025.05.18

செக்கன் ஹாண்ட் பற்றிக் கேட்டிருக்கினம். கம்பனிகள் கழிச்சு விடுற பெரிய பெட்டிகள், ஏபிசி ஸ்மார்ட் யூபிஎஸ் 1500 மாதிரி, பற்றரி இல்லாமல் மலிவாய்க் கிடைக்கும். சுத்த சைன் அலை, தடிச்ச ட்ரான்ஸ்போமர். அந்தக் கேம் தம்பிக்கு இதுதான் மருந்து என்று எழுத வந்தன்.

எழுதமுன்னம் பற்றரி விலையைக் கேட்டன். அதுக்கு 12 வொல்ட், 17 அல்லது 18 அம்பியர் அவரில் இரண்டு வேணும். 1000 மொடலுக்கு 12 அம்பியர் அவரில் இரண்டு. பெட்டியைவிடப் பற்றரி விலை கூட. அதோட இருபது கிலோவுக்கு மேல் பாரம், மேல்மாடிக்கு ஆர் தூக்குறது? பாரமான கிராபிக்ஸ் மெஷின் வைச்சிருக்கிறவைக்கு இப்பவும் நல்ல பேரம்தான். மற்றவைக்கு வேண்டாம்.

வாங்குறதென்றால் உங்கட பற்றரியைக் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டு 100 வாட்ஸ் பழைய குண்டு பல்ப்பைக் குத்தி, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கோ. பல்ப் ஒருக்காச் சிமிட்டி நிற்கவேணும். முதல் சோதனைக்குக் கொம்பியூட்டரைப் பலி குடுக்காதேங்கோ.

2025.06.07

யூபிஎஸ்ஸிலிருந்து கொம்பியூட்டருக்குப் போற யூஎஸ்பி வயர். இருந்தால் குத்துங்கோ. விண்டோஸ் லப்டொப் பற்றரி மாதிரி அதைக் காட்டும், பற்றரி குறைஞ்சால் ஹைபர்னேட் ஆகு (திறந்த வேலையைச் சேமிச்சு மூடு) என்று சொல்லிவிடலாம். நீங்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம் கரண்ட் போனால் அதுதான் காப்பாத்தும். லினக்ஸ்காரருக்கு நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் இருக்கு, பெயர் தெரியாத சீனப் பெட்டிகளில் பலதும் அதோட கதைக்கும். வாங்கும்போது கவனம்: சில பெட்டிகளில் இருக்கிற யூஎஸ்பி ஓட்டை போன் சார்ஜ் பண்ண மட்டும்தான்.

பைலுக்கு பெக்கப் வையுங்கோ. அது யூபிஎஸ்ஸின் வேலை இல்லை.

2025.07.26

நல்லூர்த் திருவிழாவுக்கு வீடு பூட்டிப்போட்டுப் போறவை கவனம். சுவர் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு யூபிஎஸ்ஸை ஒன் பண்ணின மாதிரியே விட்டுவிட்டுப் போகாதேங்கோ. அது கரண்ட் போயிட்டுது என்று நினைச்சு, கத்திக் கத்திப் பற்றரியை அடிமட்டம் வரை இறக்கி, அப்படியே கிடக்கும். வெறுமையாய்க் கிடக்கிற ஈயப் பற்றரியில் சல்பேட் படியும், திரும்ப எழும்பாது. முன் பொத்தானை அமத்தி யூபிஎஸ்ஸை முதலில் நிப்பாட்டவேணும், பிறகு பிளக்கைக் கழற்றவேணும். நிரம்பின பற்றரி ஒரு மாதம், இரண்டு மாதம் தாராளமாய்த் தாங்கும்.

2025.10.19

கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியிருக்கிறார்: ஏவிஆர் உள்ள 650, ஸ்டிக்கரில் 360 வாட்ஸ், ரவுட்டருக்கு மினி யூபிஎஸ், இரண்டும் சேர்த்து இருபதாயிரத்துக்குள். மாசி தொடக்கம் பைல் ஒன்றும் போகவில்லையாம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் நிற்குதாம், குறைவோ என்று கேட்கிறார். குறைவில்லை தம்பி. எத்தனை நிமிடம் என்றதை ஒரு ஸ்டிக்கரில் திகதியோட எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கோ. அடிக்கடி சோதிக்காதேங்கோ, அதுவும் தேய்மானம்தான், மூன்று, நாலு மாதத்துக்கு ஒருக்காக் காணும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் பற்றரி மாத்துற நேரம்.

2025.10.20

பற்றரி மாத்துறது எப்படி என்று உடனேயே கேட்டுட்டீங்கள். பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, பழைய பற்றரியின் மேலே இருக்கிற இலக்கத்தைப் படம் எடுங்கோ: 12 வொல்ட், 7 அல்லது 9 அம்பியர் அவர். அளவு 151க்கு 65 மில்லி மீற்றர், உயரம் 94 என்றால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். 9 போட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். வால் இரண்டு அகலத்தில் வரும், 4.8 மில்லி மீற்றரும் 6.3உம், உங்கட கனெக்டருக்குப் பொருந்துறதைக் கேட்டு வாங்குங்கோ, நெருக்கிக் குத்தினால் தளர்ந்து சூடாகும். கழற்றும்போது கறுப்பை முதலில், போடும்போது சிவப்பை முதலில். புதுசு போட்டதும் ஆறு, எட்டு மணித்தியாலம் சார்ஜ் ஏறவிட்டுத்தான் சோதிக்கவேணும்.

பழசைக் குப்பைக்குள் போடாதேங்கோ, உள்ளுக்கு ஈயம். பற்றரிக் கடை நிறை பார்த்துக் கழிச்சு எடுக்கும். இரண்டு பற்றரி உள்ள பெட்டி என்றால், குடுக்கமுன்னம் இரண்டையும் இணைக்கிற சின்ன வயரைக் கழற்றி வைச்சிருங்கோ, சிலதில் பியூஸ் அதுக்குள்தான் இருக்கு, புதுப் பற்றரியோட அது வராது.